வைர டோமும் காகிதக் கூம்பும்

வைரம், பெரிலியம், கெவ்லார், கிராஃபீன் என்று பொருளின் பெயரைச் சொல்லித்தான் இன்று விலை உயர்ந்த ஒலிபெருக்கிகளை விற்கிறார்கள். அந்தப் பெயருக்குக் கொடுக்கும் காசு காதில் எவ்வளவு சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாய்ஸ் காயில் என்னும் கம்பிச்சுருள் தள்ளும்போது, இந்தப் பொருள்களால் செய்த கூம்பானாலும் உயர் ஒலிக்கான டோமானாலும் முழுப் பரப்பும் ஒன்றாக முன்னும் பின்னும் போய்வர வேண்டும். அதிர்வெண் ஏற ஏறப் பரப்பு நெளியும். ஒரு பகுதி முன்னே போகையில் இன்னொன்று பின்வாங்கும். ஒலி அங்கே கெடுகிறது. நெளிவைத் தள்ளிப்போட எடை குறைந்த, விறைப்பு மிகுந்த பொருள் வேண்டும். பெரிலியம் அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு, விறைப்போ சுமார் நான்கு மடங்கு. யமஹா 1974இலேயே என்எஸ்-1000 ஒலிபெருக்கியில் அதைப் பயன்படுத்தியது. இங்கிலாந்தின் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 2005இல் கொண்டுவந்த வைர டோம் 70 கிலோஹெர்ட்ஸ் அருகில்தான் நெளியத் தொடங்குகிறது. பொறியியலில் இது பெரிய சாதனை.

ஆனால் இளம் காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏறினால் அது இன்னும் இறங்கும். நல்ல அலுமினிய டோமே நெளிவை அந்த எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விடும். அதற்கு மேல் கிடைக்கும் ஆதாயம் சிறிது, விலையோ பல மடங்கு.

விறைப்பு மட்டுமே குணமல்ல என்பதற்கு பவர்ஸ் அண்ட் வில்கின்ஸின் கெவ்லார் சாட்சி. 1976இல் வந்த அந்த மஞ்சள் நெய்த கூம்பு நீடித்ததற்குக் காரணம், அது நெளியும்போதும் அதிர்வு ஓரிடத்தில் குவியாமல் சிதறியதே. 2015இல் அவர்களே அதைக் கைவிட்டு, இன்னும் மென்மையாக நெளியும் வேறு நெசவுக்கு மாறினார்கள். பிபிசி பொறியாளர்கள் அதிர்வை உறிஞ்சும் பிளாஸ்டிக் கூம்புகளைத் தேடியதும் இதற்காகத்தான். அங்கிருந்து வந்த ஹார்வுட் 1977இல் ஹார்பெத் ஒலிபெருக்கி நிறுவனத்தைத் தொடங்கி, பாலிப்ரொப்பிலீன் கூம்பைக் கொண்டுவந்தார்.

என் பார்வையில் காதுக்கு அதிகம் தெரியும் முன்னேற்றங்கள் கூம்புக்குப் பின்னால் நடந்தவை. 1980களில் வந்த நியோடிமியம் காந்தம் சிறிய ஒலிபெருக்கிக்கும் வலுவைத் தந்தது. காந்த இடைவெளியருகே வைக்கும் செம்பு வளையம், காயில் நகரும்போது மாறும் தூண்டத்தைக் கட்டுப்படுத்தித் திரிபைக் குறைக்கிறது. கூம்பின் அசைவை லேசரால் அளந்து பிழை எங்கே என்று பார்க்கவும் இப்போது முடிகிறது. இவற்றை யாரும் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதில்லை.

புதுமைக்கு ஆயுள் சோதனை வேண்டும் என்பதைக் கூம்பின் விளிம்பில் ஒட்டிய பாலியூரித்தேன் ஃபோம் காட்டியது. நெகிழ்வாக அசைந்தது, மலிவாகவும் இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில், ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரமாக, விரல் பட்டாலே பொடியாக உதிர்ந்தது. அதையாவது புது விளிம்பு ஒட்டிச் சரிசெய்யலாம். காகிதக் கூம்பின் கிழிசலையும் பசை வைத்து ஒட்டலாம். ஆனால் பெரிலியத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு, ஆகவே நொறுங்கிய டோமைக் கையால் தொடவே கூடாது. அந்த டோம் உள்ள முழு ட்வீட்டரையும் மாற்ற வேண்டும். ஒரே விலைக்கு இரண்டு கிடைத்தால், காந்தமும் காயிலும் சேர்ந்த மோட்டாரிலும் பெட்டியிலும் காசைப் போட்ட சாதாரண டோம் ஒலிபெருக்கியைத்தான் நான் வாங்கச் சொல்வேன்.