நூறாண்டு வெள்ளம்: ஒரு கணக்கும் சில கேள்விகளும்

பொறியாளர்கள் 'நூறாண்டு வெள்ளம்' என்றால், "அப்பாடா, இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை" என்கிறோம். அது சரியல்ல. எந்த ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 30 ஆண்டுகள் ஒரே வீட்டில் குடியிருந்தால், ஒரு முறையாவது அதைப் பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம்!

பல மழைமானி நிலையங்களில் 30, 40 ஆண்டுப் பதிவுதான் இருக்கிறது. ஆகவே ஒத்த இயல்புள்ள நிலையங்களைச் சேர்த்து, காலத்தின் குறையை இடத்தால் ஈடுகட்டுகிறார்கள். இம்முறைக்கு இலக்கணம் வகுத்தது ஹாஸ்கிங், வாலிஸ் இருவரின் 1997ஆம் ஆண்டு நூல். முரண்படும் நிலையத்தைக் கண்டறியவும், வட்டாரம் ஒரே தன்மையுடையதா எனச் சோதிக்கவும் அது அளவுகோல் தருகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் கையாள்பவர் கை முக்கியம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை; அதே ஊர் கொலாபாவில் சுமார் 74 மி.மீ. முரண் என்று 944ஐத் தள்ளிவிட்டால் மதிப்பீடு இறங்கும், வடிகாலும் சிறுக்கும். பதிவில் பிழையில்லாத மழையைத் தள்ள எந்தச் சூத்திரமும் அனுமதி தரவில்லை. அடுத்தடுத்த நிலையங்கள் ஒரே மழையில் நனைவதால், 20 நிலையங்களின் 30 ஆண்டு 600 ஆண்டு அனுபவமாகிவிடாது. நேற்றைய வானமே நாளையும் என்ற அனுமானமும் இன்று ஆட்டம் கண்டுவிட்டது.

எனவே யாராவது ஒற்றை எண்ணை நீட்டினால், "எந்த நிலையங்களைச் சேர்த்தீங்க? பிழை வரம்பு எவ்வளவு?" என்று கேளுங்கள். மித்தி ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு அது வெறும் கணக்கல்ல.