இணையவழிச் சுரங்கப் பாதுகாப்புப் பயிற்சி: எது திரைக்கு, எது களத்துக்கு?

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் பெல்ட்ஸ்பாரும் கருங்கல்லும் வெட்டி எடுக்கப்படுகின்றன. பக்கத்துக் குருநாகல் மாவட்டத்தில், தொடங்கஸ்லந்தைப் பகுதியில், கஹட்டகஹ காரீயச் சுரங்கம் ஏறத்தாழ 600 மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. இத்தகைய இடங்களில் புதிதாக வேலைக்கு வருபவர், ஆபத்து எங்கே இருக்கிறது, அது வந்தால் எங்கே ஓடவேண்டும் என்பதை அறிமுகப் பயிற்சியில்தான் முதலில் கேட்கிறார். அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் பெரிய சுரங்கங்களில் இப்பயிற்சியின் பெரும்பகுதி இணையத்துக்குப் போய்விட்டது. ஒப்பந்தத் தொழிலாளி வீட்டிலிருந்தே காணொளியைப் பார்த்து, கேள்விகளுக்கு விடையளித்து, சான்றிதழோடு வாயிலுக்கு வருகிறார். கொரோனா காலம் இந்த வழக்கத்தை இன்னும் விரைவாக்கியது. இலங்கையின் சிறு குவாரிகளுக்கும் இது வரும்போது எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதை இப்போதே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இதன் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. களத்தில் நடந்துவந்த பழைய பயிற்சி எல்லா இடத்திலும் சிறப்பாக இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. அவசரமாகப் பேசும் ஒரு மேற்பார்வையாளர், தலையாட்டும் சிலர், பதிவேட்டில் ஒரு கையெழுத்து என்ற அளவில் அது முடிந்துபோவதுண்டு. நல்ல காணொளியோ எல்லோருக்கும் ஒரே செய்தியைச் சொல்கிறது. புரியாத பகுதியைத் திரும்பப் பார்க்க விடுகிறது. யார் எப்போது கற்றார் என்ற பதிவையும் வைத்திருக்கிறது. நம் நாட்டில் இதைவிடப் பெரிய நன்மை மொழி சார்ந்தது. மேற்பார்வையாளர் சிங்களம் மட்டும் பேசுபவராகவும் புதிதாக வந்தவர் தமிழ் மட்டும் அறிந்தவராகவும் இருந்தால், வெடி வைப்பது பற்றிய எச்சரிக்கை பாதியிலேயே தொலைந்துவிடும். இரு மொழியிலும் முறையாகத் தயாரித்த பாடம் அந்த இடைவெளியை அடைக்கக்கூடியது. சிலிக்கா தூசி நுரையீரலை எப்படிக் கெடுக்கிறது, முகக்கவசத்தை எப்படி அணிவது, எந்த இயந்திரத்தை யார் தொடலாம் போன்றவற்றைத் திரையில் கற்பதில் குறையொன்றும் இல்லை.

குவாரியின் கொடிய ஆபத்துகள் பல அன்றாடம் மாறுபவை என்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு வெடிக்குப் பின்பும் பாறை முகம் மாறுகிறது. நேற்று உறுதியாக நின்ற கல் இன்று தொங்கிக்கொண்டிருக்கலாம். வெடிக்காமல் தங்கிய தோட்டா எந்தத் துளையில் இருக்கிறதென்று மூன்று மாதத்துக்கு முன் எடுத்த காணொளி சொல்லாது. எச்சரிக்கை ஒலி கேட்டால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, லொறி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத பக்கம் எது என்பதையெல்லாம் அங்கே நடந்து பார்த்தே அறிய முடியும். 2006 இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் மைக்கல் பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வு இதற்கு வலுவான சான்று. 95 ஆய்வுகளை ஒப்பிட்ட அவர்கள், தொழிலாளி கேட்டுக்கொண்டிருப்பதோடு நிற்காமல், செய்துபார்த்தும் உரையாடியும் பங்கேற்கும் பயிற்சியில் அறிவு கூடுதலாகப் பதிகிறது, விபத்துகளும் கூடுதலாகக் குறைகின்றன என்று கண்டனர். பொத்தானை அழுத்தி அடுத்த படத்துக்குப் போவது அத்தகைய பங்கேற்பு ஆகாது.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2000 முதல் 2019 வரை சுரங்கங்களிலும் குவாரிகளிலும் நேர்ந்த 47 மரணங்களைப் பொறியியலாளர் ஷோன் பிரேடி ஆராய்ந்தார். அவற்றில் 17 மரணங்களில் எவருடைய தவறும் காரணமாக இருக்கவில்லை என்றும், பெரும்பாலானவற்றில் செய்துகொண்டிருந்த அந்த வேலைக்கே உரிய பயிற்சி போதாமல் இருந்தது என்றும் அவர் எழுதினார். ‘அந்த வேலைக்கே உரிய’ என்ற சொற்கள்தான் இங்கே முக்கியம். பொது அறிமுகத்தில் முழு மதிப்பெண் எடுத்தவரும் தன் கையிலிருக்கும் வேலையின் ஆபத்தை அறியாதவராக இருக்கலாம். ஆனால் விபத்துக்குப் பின் கொம்பனியின் கோப்பில் இருக்கும் சான்றிதழ், ‘நாங்கள் சொல்லிக்கொடுத்தோம்’ என்று சொல்லிப் பழியை அவர்மீது திருப்ப உதவுகிறது. இணையப் பயிற்சியில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

பல இடங்களுக்கு மாறி மாறிப் போகும் ஒப்பந்தத் தொழிலாளி ஒரே பாடத்தை ஒவ்வோர் இடத்திலும் கேட்பது வீண் என்பார்கள். பொதுப் பகுதியைப் பொறுத்தவரை அது உண்மை. சிறு குவாரிக்காரரால் தனியே பயிற்சியாளரை வைத்துக்கொள்ள இயலாது என்பதும் உண்மை. அமெரிக்கச் சட்டம் இவ்விரண்டுக்கும் வழி விட்டிருக்கிறது. கல், மணல் குவாரிகளுக்கான அந்நாட்டு விதிகள் புதியவருக்கு மொத்தம் 24 மணிநேரப் பயிற்சியைக் கேட்கின்றன. அதில் குறைந்தது 4 மணிநேரம் வேலை தொடங்குமுன் முடியவேண்டும். கணினிவழிப் பயிற்சிக்கு அனுமதி உண்டு, ஆனாலும் குவாரியைச் சுற்றிக் காட்டுவது தொடக்கப் பாடத்தின் பகுதி. இதற்குத் தனிப் பயிற்சியாளர் தேவையில்லை. குவாரியை அறிந்த மூத்த தொழிலாளி ஒருவரின் நேரமும், அந்த நேரத்துக்கான கூலியும் போதும். நாட்கூலிக்காரர் வீட்டில் தன் டேட்டாவைச் செலவழித்துக் கற்கும் நேரத்துக்குக் கூலி இல்லையென்றால், மகனோ நண்பனோ விடைகளை அழுத்திக்கொடுப்பதைத் தடுக்கவும் முடியாது.

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் சுரங்க அனுமதிப்பத்திரம் வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளிலேயே இதை எழுதிவிடலாம்: இணையச் சான்றிதழ் களப் பயிற்சிக்கு முன்தேவை மட்டுமே, தொழிலாளியின் மொழியில் பேசும் ஒருவர் அவரைக் குவாரியைச் சுற்றி அழைத்துப்போக வேண்டும், வெடி வைத்த ஒவ்வொரு முறையும், வேலை மீண்டும் தொடங்குமுன், மாறிய பாறை முகத்தை எல்லோருக்கும் காட்டவேண்டும், இந்த நேரம் முழுவதற்கும் கூலி உண்டு.