பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும்: திருவாய்ப்பாடி பற்றிய ஒரு விசாரம்

நூற்றெட்டுத் திருப்பதிகளை ஸேவிக்க வேண்டும் என்ற பாரிப்புடன் வடநாட்டு யாத்திரை சென்று மீளும் அடியார்கள் பலரும் ஓர் ஐயத்தோடு திரும்புகின்றனர். யமுனைக் கரையில் கோகுலம் என்று ஓர் ஊர் காட்டப்படுகிறது. அதனை அடுத்துள்ள மஹாவனமே பழைய கோகுலம் என்று அங்கும் ஒரு நந்தமாளிகை காட்டப்படுகிறது. ஆழ்வார்கள் மங்களாசாஸனம் செய்தருளிய திருவாய்ப்பாடி இவற்றுள் எது? அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து ஸத்ஸங்கங்களிலும் காலக்ஷேபம் முடிந்த பின் இக்கேள்வி எழுவதுண்டு.

இதற்கு இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. யாத்திரைக் கையேடுகள் ஏதேனும் ஓர் ஊரைச் சுட்டி, இதுவே எம்பெருமான் வளர்ந்த இடம் என்று அறுதியிட்டு, ஸேவித்தால் கணக்கில் ஒன்று கூடும் என்கின்றன. உபந்யாஸ மேடைகளிலோ, ஆய்ப்பாடியாவது பக்தனுடைய நெஞ்சமே, ஊரைத் தேடுவது வீண் என்று ஒரு தத்துவம் சொல்லப்படுகிறது. முன்னது ஊரைப் பற்றிக்கொண்டு பாசுரத்தை விட்டது. பின்னதைக் கேட்கும்போது உயர்ந்ததுபோல் தோன்றும். ஆயினும் பாசுரத்தில் ஊர் இருப்பதை அது மறந்தது. இவ்விரண்டும் பூர்வாசார்யர்களின் திருவுள்ளத்துக்குச் சேருமா என்பதே இங்கு விசாரம்.

பிறந்த இடத்தையும் வளர்ந்த இடத்தையும் நம் ஸம்பிரதாயம் வெவ்வேறாகவே எண்ணுகிறது. வடமதுரை ஒரு திருப்பதி, திருவாய்ப்பாடி வேறொரு திருப்பதி. பிறந்த இரவிலேயே இடம் மாறி மற்றொருத்தியின் மகனாக ஒளித்து வளர்ந்த வ்ருத்தாந்தத்தைத் திருப்பாவையின் 25ஆம் பாசுரத்தில் ஆண்டாள் எடுத்தாள்கிறாள். பெற்ற மதுரைக்கு அந்தப் பிள்ளையின் பால்யத்தில் பங்கு ஏதும் கிட்டவில்லை. குலசேகரப் பெருமாள் தேவகியின் நிலையில் நின்று பெருமாள் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் புலம்பியது இந்த இழவைச் சொல்லவே. தாலாட்டும் தளர்நடையும் வெண்ணெய் உண்ட கோலமும் யசோதைக்கே ஆயின. ஆகவே பிறந்த இடம் என்ற ஒன்றையே பெருமையாகக் கொண்டு தலத்தை மதிப்பிடுவது தேவகியின் கண்ணீரைக் கவனியாத மதிப்பீடு.

அந்தப் பால்யத்தை முறையாக அநுபவித்தவர் பெரியாழ்வார். பிறந்த நாள் கொண்டாட்டம் தொடங்கி, தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை, பூச்சூட்டல், காப்பிடல் என்று பிள்ளையின் வளர்ச்சியோடே பதிகங்கள் வளர்கின்றன. பெரியவாச்சான் பிள்ளை இட்டருளிய வ்யாக்யானத்தில் இப்பகுதி அழிந்துபோக, அழிந்த அளவுக்கு மட்டும் மணவாள மாமுனிகள் வ்யாக்யானம் அருளிச்செய்து நிரப்பினார் என்பது ப்ரஸித்தம். ஆகவே கண்ணனின் பிள்ளைப் பருவத்தை இன்று நாம் மாமுனிகளின் திருவாக்கினாலேயே பெரும்பாலும் அநுஸந்திக்கிறோம்.

பெரியாழ்வார் திருமொழியின் முதற்பதிகத்தில் கண்ணன் பிறந்த மகிழ்ச்சியால் ஆயர்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எண்ணெயும் சுண்ணமும் தூவி முற்றத்தைச் சேறாக்குகிறார்கள். ஆனால் பிறந்தவனை ஆழ்வார் முதற்பாசுரத்தில் எந்த ஊரானாகச் சொல்கிறார்? பாண்டிநாட்டுத் திருக்கோட்டியூரானாக! பின்னர் யசோதை அந்திப்போதில் காப்பிட அழைக்கும் பிள்ளை திருவெள்ளறையில் நிற்பவன். மல்லிகை சூட்ட அழைக்கும் பிள்ளை திருவரங்கத்தில் கிடப்பவன். கோகுலத்து இடைச்சிக்குச் சோழநாட்டுத் திருவெள்ளறை எப்படித் தெரியும் என்று கேட்பவர் இதைக் காலவழுவென்றே கொள்வர். கவிதை மரபில் அப்படி அமையும் என்று சமாதானம் சொல்வாரும் உளர். இரண்டு பேச்சும் ஆழ்வாரைத் தம் பாட்டில் தாமே கவனக்குறைவாக இருந்தவராக ஆக்கிவிடுகின்றன.

அவதாரத்துக்குப் பிற்பட்டவர் இழந்துபோகாதபடி அர்ச்சையில் எழுந்தருளியிருக்கிறான் என்பது திருமங்கையாழ்வார் திருநெடுந்தாண்டகத்தில் காட்டிய வழி. அதைக் கொண்டு பார்த்தால் பெரியாழ்வார் இரண்டு ஊர்களைக் குழப்பவில்லை என்பது விளங்கும். ஆய்ப்பாடியில் முற்றம் சேறாகப் பிறந்தவனைத் தாம் கண்ணால் கண்டு ஸேவித்த திருக்கோட்டியூரில் அவர் அடையாளம் காண்கிறார். திருப்பாணாழ்வார் பெரிய பெருமாளின் திருவாயில் வெண்ணெய் உண்ட வாயைக் கண்டதும் இவ்வாறே. ஆண்டாள் ஒருபடி மேலே சென்று, ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகவும் வடபெருங்கோயிலை நந்தகோபர் திருமாளிகையாகவும் கொண்டு, நடையும் பேச்சும் மேனியின் நாற்றமும் இடைப்பெண்களுடையனவே ஆகும்படி நோன்பு நோற்றாள் என்று ஆசார்யர்கள் ரஸித்துப் பேசுவர்.

இவ்வளவும் சொன்னால் உபந்யாஸகரின் பக்ஷமே வென்றதாகத் தோன்றும். எங்கும் ஆய்ப்பாடியாகலாம் என்றால் யமுனைக் கரைக்குப் போவானேன்? அதற்கும் ஆண்டாளே விடை தருகிறாள். நாச்சியார் திருமொழியின் 12ஆம் பதிகத்தில் அவள் தன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி உறவினரிடம் மன்றாடுகிறாள். எங்கே? மதுரைப்புறம், ஆய்ப்பாடி, நந்தகோபர் தலைவாசல், யமுனைக் கரை, காளியன் பொய்கைக் கரை, பத்தவிலோசனம், பாண்டிவடம், கோவர்த்தனம், துவாரகை. ஒன்பது பாசுரங்களில் ஒன்பது இடங்கள். வில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாக்கிக்கொண்ட அவளுக்கு அது போதவில்லை. அந்த மணலும் அந்த மரத்தடியும் வேண்டியிருந்தன. முதலில் கேட்டதும் மதுரையின் புறத்தை என்பது நினைக்கத்தக்கது. பிறந்த நகருக்குள்ளே விடச் சொல்லவில்லை. நெஞ்சமே ஆய்ப்பாடி என்று இப்பதிகத்துக்குப் பொருள் சொன்னால், அவள் கால் நடக்க மாட்டாமல் பிறரை இரந்த இரப்புக்கு இடமில்லாமல் போய்விடும்.

வ்ரஜபூமியில் இன்று காட்டப்படும் தலங்களுள் மிகப் பல 16ஆம் நூற்றாண்டில் ஸ்ரீசைதந்யருடைய சீடர்களாலும் ஸ்ரீவல்லபாசார்யர் வழியினராலும் இன்ன இடம் என்று நிர்ணயிக்கப்பட்டவை. நாராயண பட்டரின் வ்ரஜபக்திவிலாஸம் அந்நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, தென்பாண்டி நாட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை இத்தலங்களை நிரல்பட நிறுத்திப் பாடியிருக்கிறாள். நம்மவர் யாத்திரைக் கையேடு அச்சிடும்போது இப்பதிகத்தை முதற்பக்கத்தில் வைக்கலாமே! அவள் விண்ணப்பமும் வீண்போகவில்லை. 1845இல் தொடங்கி 1851இல் நிறைவுற்ற ப்ருந்தாவனத்து ஸ்ரீரங்கமந்நார் திருக்கோயிலில், தென்னாட்டு முறைக் கோபுரங்களின் நடுவே, கோதை அங்கே எழுந்தருளியிருக்கிறாள்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். பூவிருந்தவல்லிக்கு மேற்கே திருமழிசை, மஹீஸார க்ஷேத்ரம். ஆழ்வார் திருவவதரித்த தலம். பார்க்கவ முனிவருக்கு மகனாகத் தோன்றியும் உருவற்ற பிண்டமாகக் கண்டு விடப்பட்டு, பிரம்பு அறுக்க வந்த திருவாளனும் பங்கயச்செல்வியும் எடுத்து வளர்க்க வளர்ந்தவர் என்று குருபரம்பரை கூறும். பெற்றார் வேறு, வளர்த்தார் வேறு என்னும் கண்ணன் கதையே இங்கு ஆழ்வார் பக்கல் நடந்திருக்கிறது. இருந்தும் திருமழிசை நூற்றெட்டில் ஒன்றன்று, அபிமான ஸ்தலமே. ஆழ்வார் பிறந்ததனால் மட்டும் ஓர் ஊர் திவ்யதேசக் கணக்கில் ஏறுவதில்லை. பாடல் பெற வேண்டும். தை மகத்தில் அங்கே கூடும் அடியார்களுக்கு இதனால் குறையேதும் இல்லை. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூவிருந்தவல்லிக்கும் இதே நிலை. அங்கு நடந்து வர இயலாத முதுமையில் நம்பிகளைத் தேடிப் பேரருளாளனே வந்தான் என்று தலவரலாறு சொல்லும்.

ஆவடிக்கு மேற்கே உள்ள திருநின்றவூரோ பாடல் பெற்றது. அதுவும் பெற்ற விதம் விசித்திரம். திருமங்கையாழ்வார் பாடாமல் கடந்து செல்ல, தாயார் தூண்டப் பெருமாள் பின்தொடர்ந்து, கடல்மல்லையில் ஒரு பாசுரமும், அது போதாதென்று திருக்கண்ணமங்கையில் இன்னொரு பாசுரமும் பெற்று வந்தார் என்பது ஐதிஹ்யம். பெரிய திருமொழியில் இரண்டாம் பத்தின் ஐந்தாம் திருமொழியிலும் ஏழாம் பத்தின் பத்தாம் திருமொழியிலும் நின்றவூரான் முத்தாகப் பாடப்பெற்றிருப்பதைக் காணலாம். கடல்மல்லைப் பதிகத்தில் நின்றவூர் முத்தைச் சொன்ன ஆழ்வார், இரண்டு பாசுரம் கழித்துப் பேய்ச்சி முலையுண்ட பிள்ளையையும் இடைச்சியர் வெண்ணெயையும் பாடுகிறார்.

தலத்தைப் பற்றிய சிறு வெளியீடுகள் பெரும்பாலும் செல்வம் வேண்டுவோர் ஸேவிக்கும் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. பெருமாள் திருநாமத்தை அவை நின்று நோக்குவதில்லை. பக்தவத்ஸலன், திருக்கண்ணமங்கையிலும் அதே திருநாமம். வத்ஸம் என்பது கன்று. அன்று ஈன்ற கன்றின் உடம்பிலுள்ள வழும்பைத் தாய்ப்பசு நாவினால் நக்கித் துடைத்து அதையே போக்யமாகக் கொள்வதை வாத்ஸல்யத்துக்கு உதாரணமாக ஆசார்யர்கள் எடுப்பர். அது தொழுவத்தில் பிறந்த சொல், ஆயர்களின் சொல். தாயார் திருநாமமோ என்னைப் பெற்ற தாயார், ஸமுத்ரராஜன் அழைத்த அழைப்பு. கன்றும் தாயும் இவ்வாறு திருநாமங்களிலேயே அமைந்த தலத்தில், பெருமாள் ஆழ்வாரைப் பின்தொடர்ந்த வரலாற்றையும் இந்தக் கண்கொண்டு வாசிக்க வேண்டும். கன்று பசுவின் பின்னே போவது உலகியல்பு. இங்கே கன்று தன் போக்கில் நடக்கப் பசு கடற்கரை வரை பின்னே போயிற்று.

மஹாவனமா கோகுலமா என்று கேட்பவர்கள் இரண்டையும் ஸேவித்து வரட்டும். ஆண்டாள் பதிகத்தைக் கையில் கொண்டு போகட்டும். போக இயலாத முதியவர்கள் திருநின்றவூரில் நின்று கடல்மல்லைப் பதிகத்தின் அந்த மூன்று பாசுரங்களைத் தொடர்ந்து அநுஸந்திக்கலாம்.