பேருந்தில் முழுக் குறள், பேச்சில் அரைக் குறள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே போகிறவருக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. படிக்கப் பலகையில் ஒரு குறளும் உண்டு. 1967இல் அமைந்த அண்ணா அமைச்சரவையில் மு. கருணாநிதி அமைச்சராக இருந்தபோது வந்த வழக்கம் இது. நூலையே திறந்து பார்க்காதவர் கண்ணிலும் வள்ளுவர் பட்டதற்கு இந்தப் பலகைக்குப் பெரிய பங்குண்டு. இரண்டு அடியும் குறையாமல் அதில் இருக்கின்றன.

குறைவது நம் வாயில்தான். குறளின் முதலடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று. முதலடி ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. எதுகை கைகொடுத்தாலும் பலருக்கு இரண்டாம் அடி நினைவில் நிற்பதில்லை. கல்வி அதிகாரத்தின் முதல் குறளையே (391) எடுத்துக்கொள்வோம். பிழையறக் கற்கச் சொல்வது முதல் பாதி. கற்றபடி நடக்கச் சொல்வது மறுபாதி. பரிசளிப்பு விழா மேடைகளில் பிள்ளைகளைப் பார்த்து முதல் பாதியைத்தான் சொல்கிறோம். சொல்கிற பெரியவரையும் சேர்த்துக் கட்டுகிற பாதி விட்டுப்போகிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆனால் பாதியாக்குவதெல்லாம் கேடு என்று தள்ளிவிட முடியாது. பெருமை அதிகாரத்தில் வரும் 972ஆம் குறளின் தொடக்கம், பிறப்பால் எல்லா உயிரும் ஒன்றே என்கிறது. சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்ட ஒருவர் நிமிர்ந்து நின்று பதில் சொல்ல அந்தத் துண்டு ஒன்றே போதும்; எத்தனையோ பேருக்கு அது துணை நின்றிருக்கிறது. பாதியாகச் சொல்லும் வழக்கத்தின் ஆகப்பெரிய நன்மையும் இதுவே. சிக்கல், எதிரே நிற்பவர் குறளின் மீதிப் பகுதியோடு வரும்போது தொடங்குகிறது. செய்யும் தொழிலால் சிறப்பு வேறுபடும் என்கிற அந்தப் பகுதியைப் பிறப்போடு முடிச்சுப் போட்டு அவர் வாதாடுவார். செயலைப் பற்றித்தான் அங்கே பேச்சு, பிறப்பைப் பற்றி அல்ல என்று மறுத்துச் சொல்ல முழுக் குறளும் தெரிந்திருக்க வேண்டும்.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலுக்கும் (192) இதே கதிதான். 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அப்துல் கலாமும், 2019இல் ஐ.நா. பொதுச் சபையில் பிரதமர் மோடியும் அதன் முதலடியைச் சொன்னார்கள். உலகம் கேட்டது, நமக்குப் பெருமைதான். ஆனால் பாடல் 13 அடி. பெரியவரை வியக்க மாட்டோம், சிறியவரை இகழ்வதை அதனினும் செய்ய மாட்டோம் என்று முடிகிறது. அந்த முடிவு எந்த வரவேற்பு வளைவிலும் என் கண்ணில் பட்டதில்லை.

எது பேச்சில் நிலைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கட்டளையும் புகழ்ச்சியும் சட்டென்று ஒட்டிக்கொள்கின்றன, காட்சி ஒட்டுவதில்லை. கைப்பொருளோடு தொழிலில் இறங்குவது, குன்றின்மேல் நின்று யானைச் சண்டையைப் பார்ப்பது போன்றது என்கிறது 758ஆம் குறள். ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று, கீழே சேலம் நகரத்தைப் பார்த்தவருக்கு இதற்கு உரையே வேண்டாம். கடன் வாங்கிக் கடை போட்டுத் தவிப்பவர்கள் நிறைந்த நாட்டில், இந்தக் குறளைப் பேச்சில் கேட்பதே அரிது.

பலகையை எடுக்க வேண்டியதில்லை. குறளை அவ்வப்போது மாற்றி, கீழே இரண்டு வரியில் பொருளும் எழுதலாம். ஏற்காட்டுப் பேருந்துக்கு முதலில் 758ஐ எழுதட்டும்.