காலிச் சங்குகளின் கணக்கு

துறவி நண்டுத் தொட்டியைப் பார்த்ததும் பலர் நண்டுகளை எண்ணுவார்கள். நான் யாரும் குடியில்லாத சங்குகளை எண்ணுவேன். ஆழமான மணல், 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம், நன்னீருக்கும் கடல்நீருக்கும் தனித்தனிக் கிண்ணம் ஆகியவற்றில் குறை வைத்தால் நண்டு பிழைக்காது; அதில் வாதமே இல்லை. ஆனால் பிழைத்துக் கிடப்பது வேறு, நண்டு தன் இயல்போடு வாழ்வது வேறு. அதற்குக் காலிச் சங்கு வேண்டும். ஆளுக்கொரு வீடு இருக்கும்போது உபரி எதற்கு என்பார்கள். ஒரு நண்டுக்கு நான்கைந்து சங்காவது, கொஞ்சம் சிறிதும் பெரிதுமாக, கிடக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஊதாக் கொடுக்குள்ள கரீபிய நண்டுக்கு டர்போ சங்கை மிஞ்சியது இல்லை. காரணம் அதன் வாய். ஏறக்குறைய முழு வட்டமான அந்த வாயில், நண்டு உள்ளே ஒடுங்கும்போது பெரிய இடக் கொடுக்கு கதவு போல வந்து பொருந்தும். எக்குவடார் நண்டு வளர்ப்பவர்கள் நெரைட் சங்கைப் புகழ்வார்கள். அந்த இனத்தின் உடல்வாகுக்கு அது சரி. அதையே எல்லா நண்டுக்கும் பொதுவாக்கினால்தான் எனக்குப் பிணக்கு. சங்கு மாற்றப்போகும் நண்டைக் கவனியுங்கள். வெளிச்சுவரைத் தடவும், வாயைத் தன் பக்கம் திருப்பும், கொடுக்கை உள்ளே விட்டு ஆழம் பார்க்கும், மணல் இருந்தால் உருட்டிக் கொட்டும். பிறகு கண் இமைப்பதற்குள் மாறிவிடும். வலப்பக்கம் சுருண்ட மெல்லிய வயிறு வெளியே தெரிவது அந்த ஒரு நொடிதான். சில சமயம் பழைய சங்குக்கே திரும்பிப் போய், பின்னொரு நாள் மறுபடி வந்து அளக்கும். மாற்றுச் சங்கே இல்லாத தொட்டியில் இதையெல்லாம் எங்கே பார்ப்பது?

நண்டுக்கு எந்த ஓடும் ஒன்றுதான், கிடைத்ததில் புகுந்துகொள்ளும் என்ற வாதம் உண்டு. கிடைக்காதபோது புகும் என்பது உண்மைதான். பெர்முடாவில் பெரிய டாப் நத்தை அற்றுப்போன பிறகு, அங்கிருந்த இதே கரீபிய நண்டுகள் அந்த நத்தையின் புதைபடிவச் சங்குகளைத் தேடிச் சுமந்தன. 1982-இல் அந்த நத்தையைத் தீவுக்கு மீண்டும் கொண்டுவந்தார்கள். எந்த ஓடும் போதும் என்றால் புதைபடிவச் சங்கை ஏன் தேடிச் சுமக்க வேண்டும்? கோஸ்டாரிக்கா கடற்கரையில் எக்குவடார் நண்டுகளை ஆராய்ந்த மார்க் லெய்ட்ரே 2012-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்த நண்டுகள் சங்கின் உள்ளே நடுத்தண்டைக் குடைந்தெடுத்து, சுவரை மெலிதாக்கி, இடத்தைப் பெருக்கிக்கொள்கின்றன. ஒரு நண்டு செதுக்கியது அடுத்த நண்டுக்குப் போகிறது. ஆகவே பழைய சங்கு தேய்ந்துவிட்டது என்று தூக்கி எறிபவர்கள் தலைமுறைகளின் வேலையை எறிகிறார்கள். ஓட்டை விழுந்து உள்ளே தேங்கும் நீர் ஒழுகினால் மட்டுமே அது கழிவு.

இத்தனை சங்கு வாங்கினால் கடற்கரை மொட்டையாகாதா என்ற கேள்வி நியாயமானது. கரையில் பொறுக்கியதை வாங்கக் கூடாது. அது அங்கிருக்கும் நண்டின் வீடு. டர்போ நத்தை பல நாடுகளில் உணவாகிறது. அப்படி மிஞ்சும் ஓட்டைக் கேட்டு வாங்கலாம்.

வண்ணம் பூசிய சங்குகளை மட்டும் எந்தச் சமாதானத்தோடும் ஏற்க முடியவில்லை. அமெரிக்கக் கடற்கரைக் கடைகளில் கம்பிக் கூண்டுக்குள் கால்பந்தும் பொம்மை முகமும் வரைந்த சங்குகளோடு நண்டுகள் தொங்குகின்றன. விற்பவை அநேகமாக எல்லாமே காட்டிலும் கரையிலும் பிடித்தவை. ஈரக்காற்றில் பூச்சு உரியும், நண்டு அதைக் கிள்ளித் தின்னும். குழந்தைகளுக்கு நிறம் வேண்டுமே என்பார்கள். பெத்தோலாட்டஸ் என்ற டர்போ வகையை ஒருமுறை காட்டுங்கள்: பழுப்பிலும் பச்சையிலும் பட்டை பட்டையாய் இயற்கை நெய்த நிறம், உள்ளே முத்தின் மினுக்கு. சரியான அளவில் அதைப் பக்கத்தில் வைத்தால் நண்டு தானாகவே மாறிக்கொள்ள வாய்ப்புண்டு. மாறிய பின் வாய் பிளந்து கிடக்கும் பூச்சுச் சங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அன்றே தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.