யாரும் சாகாத போர்

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூணோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. அங்கே நினைவுகூரப்படும் போரில் யாரும் சாவதில்லை. மன்னர் மார்த்தாண்ட வர்மா வென்றார், டச்சுக்காரன் தோற்றான், ஆண்டு 1741. அவ்வளவுதான். குலசேகரத்திலிருந்து தக்கலை, தக்கலையிலிருந்து குளச்சல் என்று இரண்டு பஸ் மாறிப் போய் அந்தத் தூணைப் பலமுறை சுற்றி வந்திருக்கிறேன். செத்த ஒருவனின் பெயரையும் அங்கே நான் பார்த்ததில்லை.

பழைய போர்க்களங்களைத் தேடிப் போவதும், அங்கே சீருடை மாட்டிக்கொண்டு போரை மறுபடி நடித்துக் காட்டுவதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பொழுதுபோக்கு. வாட்டர்லூ போரின் 200ஆம் ஆண்டான 2015இல் ஆயிரக்கணக்கானோர் நெப்போலியன் காலத்து உடுப்பில் அந்த வயல்வெளியில் அணிவகுத்தார்கள். நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை என்று பொதுவாகச் சொல்வோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாஞ்சில் நாட்டில் போரை மறுபடி நிகழ்த்துவதற்கு இரண்டு மரபுகள் இருக்கின்றன. ஒன்று தூணின் மரபு, இன்னொன்று வில்லின் மரபு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தூண். திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த பட்டாளம் இன்று மெட்ராஸ் ரெஜிமென்டில் இருக்கிறது. ஜூலை 31ஐ குளச்சல் நாளாகக் கொண்டு ராணுவத்தினர் அந்தத் தூணுக்கு மலர்வளையம் வைத்து மரியாதை செய்வார்கள். (புத்தகங்களில் ஆகஸ்ட் 10 என்றும் இருக்கும்.) விறைப்பான, அழகான சடங்கு. ஆனால் அதில் கதை கிடையாது. கதைக்கு நீங்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போக வேண்டும். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மன்னர் நிமிர்ந்து நிற்க, டச்சுத் தரப்பின் டிலனாய் அவர் முன் பணியும் ஓவியம் ஒன்று அங்கே இருக்கிறது. இன்று ரீல்ஸில் வரும் குளச்சல் போர் எல்லாமே இந்த ஓவியத்தின் பிள்ளைகள்தான். பின்னணியில் செண்டை மேளம், கீழே ‘ஐரோப்பியரை வீழ்த்திய முதல் ஆசிய மன்னன்’ என்று எழுத்து. போன ஆடியில் ஒரு நண்பன் இதை அனுப்பி, “பாத்தியா மக்கா, நம்ம ஊரு கெத்து” என்றான்.

கெத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ‘முதல்’ நிற்காது. இதே டச்சுக் கம்பெனியைத் தைவானின் சீலாண்டியா கோட்டையில் முற்றுகையிட்டு, 1662இல் கோக்சிங்கா சரணடைய வைத்துவிட்டார். குளச்சலுக்கு இரண்டே வருடம் முன்பு, 1739இல், மராத்தியர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து வசைக் கோட்டையைப் பிடித்தார்கள். குளச்சலின் பெருமைக்கு இந்த ‘முதல்’ தேவையும் இல்லை. உண்மையில் நடந்தது அதைவிட ருசியானது.

போரின் காரணம் மிளகு. எங்கள் ஊர்ப் பக்கம் ரப்பர் வந்த பிறகும் தென்னையிலும் கமுகிலும் ஏறிக் கிடக்கிற அதே கொடி. மிளகு விளையும் சிறு நாடுகளை மார்த்தாண்ட வர்மா ஒவ்வொன்றாக விழுங்க, ஒப்பந்தம் போட்டு வைத்திருந்த கம்பெனி பதறியது. குளச்சலில் இறங்கிப் பத்மநாபபுரத்தை நோக்கி வந்த டச்சுப் படை, பின்வாங்கிக் கடற்கரைக் காப்பரணுக்குள் அடைபட்டது. திருவிதாங்கூர் பீரங்கிக் குண்டு ஒன்று உள்ளேயிருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்தது. பற்றிய தீ அரிசி இருப்பு முழுவதையும் தின்றுவிட்டது. சில நாட்களில் சரணடைந்தார்கள். உலக வாணிபத்தை ஆண்ட கம்பெனியை இங்கே மண்டியிட வைத்தது வயிற்றுப் பசி. ஓவியத்தில் அரிசி இல்லை. ரீல்ஸில் அரிசி வருவதற்கு வாய்ப்பே இல்லை.

கடற்கரையில் வேறொரு கதை ஓடுகிறது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னது: “எங்க ஆளுவ துடுப்பத் தோளுல வச்சிட்டு வரிசையா நின்னாவ மக்ளே. கப்பல்ல நின்னு பாத்தவனுக்கு எல்லாம் துவக்கு மாதிரி தெரிஞ்சிருக்கு.” முக்குவர்கள் துடுப்பால் நடத்திய இந்த நாடகத்துக்கு ஆவணம் கேட்டு யாரும் மல்லுக்கட்ட வேண்டாம். எனக்கு இது முக்கியமாகப் படுவது வேறு காரணத்தால். ஓவியத்திலும் தூணிலும் இடம் கிடைக்காத ஒரு சனம் தன்னைப் போருக்குள் தானே எழுதிக்கொண்ட வாக்கியம் இது.

இனி வில். கணியாகுளத்தில், 1634ஆம் ஆண்டு வாக்கில், திருமலை நாயக்கரின் படைக்கும் வேணாட்டுப் படைக்கும் சண்டை. வேணாட்டின் தளபதி இரவிக்குட்டிப்பிள்ளை அதில் கொல்லப்பட்டார். ‘இரவிக்குட்டிப்பிள்ளை போர்’ என்ற கதைப்பாடல் அதிலிருந்து பிறந்தது. மலையாளிகள் இதைத் தெக்கன் பாட்டு என்பார்கள், நாம் தமிழ்க் கதைப்பாடல் என்போம். அந்த வழக்கு ஒருபக்கம் நடக்கட்டும். கவனிக்க வேண்டியது, இது தோல்வியின் பாட்டு. வேணாடு தோற்ற போரை வேணாட்டு மக்களே உட்கார்ந்து பாடியிருக்கிறார்கள்.

பாட்டு போரை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வீட்டில். கெட்ட கனவு வருகிறது, தாயும் மனைவியும் போகாதே என்று தடுக்கிறார்கள். அவன் போகிறான். எதிரில் இராமப்பய்யன் படை. கூட நிற்க வேண்டியவர்கள் பொறாமையில் கைவிடுகிறார்கள். தலை விழுகிறது. பாட்டு அங்கே முடியவில்லை, அந்தத் தலையை மீட்டு வரும் காளிநாயரின் பின்னால் போகிறது. வெட்டியவன் தரப்பே தலைக்கு மரியாதை செய்து திருப்பித் தருகிறது. வாள்வீச்சுக்கு இணையாக, சில இடங்களில் அதைவிட அதிகமாகவே, அழுகைக்கு இடம் கொடுக்கும் போர்க்காப்பியம் இது. இலக்கியமாக இதில் குறைகள் இல்லாமலில்லை. நல்லவன் ஒரேயடியாக நல்லவன், துரோகிகளுக்கு முகமே இல்லை. ஆனாலும் ஒரு சாவு எத்தனை வீடுகளுக்குள் நடக்கிறது என்பது இதற்குத் தெரிந்திருக்கிறது.

வில்லுப்பாட்டின் மேடையைக் கொஞ்சம் யோசியுங்கள். நடுவில் கிடப்பது ஒரு ஆயுதம். அதில் மணி கட்டி, வீசுகோலால் தட்டிப் பாட்டாக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் குடம், உடுக்கு. கோயில் கொடையில் நடு ராத்திரி, வெட்டுப்பட்டுச் செத்தவனின் கதை உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்துக் கோமரத்தாடிக்கு அருள் வரும். செத்தவன் திரும்பி வந்து நம் முன்னால் நிற்கிறான், கேள்வி கேட்கிறான், படையல் கேட்கிறான். சீருடை மாட்டிய வாட்டர்லூக்காரர்கள் சாயங்காலம் எழுந்து தூசி தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கொடையில் அது நடக்காது.

மேற்கிலும் இதற்கு நெருக்கமாக வந்த ஒருவர் உண்டு. 1984இல் இங்கிலாந்தின் ஆர்க்ரீவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களைப் போலீஸ் குதிரையேறி அடித்தது. 2001இல் ஜெரெமி டெல்லர் என்ற கலைஞர் அந்த மோதலை ஏறக்குறைய ஆயிரம் பேரை வைத்து அதே ஊரில் மறுபடி நடத்தினார். பழைய போர்களை நடிக்கும் கழகத்துக்காரர்களோடு, உண்மையிலேயே அடிவாங்கிய தொழிலாளர்களும் வந்தார்கள். அவர்களில் சிலர் போலீஸ் வேடம் போட்டார்கள். அடிவாங்கியவன் லத்தியைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது அது கேளிக்கையாக இருக்க வழியில்லை.

குளச்சலுக்கு அப்படி ஒரு நிகழ்த்துதல் அமையாமல் போனதற்கு அரசியல் காரணமும் உண்டு. 1956 நவம்பர் 1இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். போர்க்களம் இங்கே வந்தது, மன்னரின் கதை அங்கேயே நின்றுவிட்டது. அந்த இணைப்புக்காகப் போராடியவர்கள் 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சிப் போலீஸின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆகஸ்ட் 10 வெற்றி, மறுநாள் அஞ்சலி என்று எங்கள் காலண்டர் கிடக்கிறது. அந்த இரண்டு நாட்களையும் சேர்த்துப் பாட ஒரு நல்ல புலவன் போதும்.

அவனுக்குச் சரக்கு உதயகிரிக் கோட்டைக்குள் கிடக்கிறது. கைதான டிலனாய் அதே மன்னருக்கு வலிய கப்பித்தானாகிப் படையைப் பழக்கி, 1777இல் இறந்து, அங்கேதான் அடங்கியிருக்கிறார். கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது. பக்கத்தில் அவருடைய மகன். 1765இல் மலைக்கு அந்தப் பக்கம் களக்காட்டுச் சண்டையில், திருவிதாங்கூருக்காகப் போரிட்டு இளவயதில் செத்தவன். அப்பன் எதிரியாக வந்த நாட்டுக்காக மகன் உயிரை விட்டிருக்கிறான். தாயும் அங்கேயே கிடக்கிறாள். பூங்காவுக்கு வரும் ஜோடிகளும் பள்ளிப் பிள்ளைகளும் செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

குளச்சல் போரை யாராவது வில்லில் கட்டுவதானால், துடுப்பு பிடித்தவர்களுக்கு முதல் பாட்டு போகட்டும். அரிசி எரிந்த ராத்திரியை அவசரப்படாமல் பாடட்டும், உள்ளே பசித்துக் கிடந்தவர்கள் தரப்பிலிருந்தும் நாலு அடி வரட்டும். மன்னர் கடைசியில் வந்தால் போதும். களக்காட்டில் செத்த அந்தப் பையனுக்கு ஒரு நல்ல ஒப்பாரி வேண்டும். குடம் அடிக்க எங்கள் பக்கம் இன்னும் ஆள் இருக்கிறது.