அறுபதாவது விநாடி

வெகுமக்கள் இசையில் பெரும்புகழ் பெற்றவர்களிடமிருந்து புதுமை படைக்கும் வகையை அறிய விரும்புவோர், அவர்களுடைய மேடைக் கோலத்தைக் காட்டிலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் கருவிகளைக் கையாண்ட முறையையே முதலில் நோக்க வேண்டும். இதற்கு, லிவர்பூல் நகரில் தோன்றிய பீட்டில்ஸ் குழு லண்டன் ஏபி சாலையில் இருந்த ஈ.எம்.ஐ. கூடத்தில் 1966, 1967ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய பாடல்களே மிகச் சிறந்த சான்று. அங்கே அவர்களுக்கு வாய்த்தது நான்கு தடப் பதிவுக் கருவி. அதாவது ஒரே ஒலிநாடாவில் நான்கு ஒலிகளைத் தனித்தனியே பதிந்து, பின்னர் ஒவ்வொன்றையும் கூட்டியும் குறைத்தும் கலப்பதற்கு உதவும் கருவி. நான்கு தடங்களும் நிரம்பிய பின் மற்றோர் ஒலியைச் சேர்க்க வேண்டுமெனில், முன்பு பதிந்தவற்றை வேறொரு நாடாவில் ஒன்றாகக் கலந்து இடம் உண்டாக்க வேண்டும். கலந்தவற்றை அந்த நாடாவில் மீண்டும் பிரிக்க இயலாது என்பதால், படிக்குப் படி காது தீர்ப்புச் சொல்லியாக வேண்டியிருந்தது.

இந்த நெருக்கடியே அவர்களுடைய கற்பனைக்கு உரமாயிற்று. 1966 ஏப்ரலில் பதிவான 'டுமாரோ நெவர் நோஸ்' என்னும் பாடலுக்கு, மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போன்ற குரல் வேண்டும் என்று குழுவின் பாடகர்களுள் ஒருவரான ஜான் லெனான் கேட்டபோது, இருபது வயதே நிரம்பியிருந்த ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக், ஹேமண்ட் ஆர்கனுடன் இணைத்து வாசிக்கப்படும் சுழல் ஒலிபெருக்கியின் வழியாக அக்குரலைச் செலுத்தினார். குழுவின் முரசுக் கலைஞர் ரிங்கோ ஸ்டாரின் பெரிய முரசுக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, கூடத்தின் விதி அனுமதித்ததைவிட அருகில் ஒலிவாங்கியை வைத்தார். இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிய ஐந்து நாடாத் துண்டுகள் வெவ்வேறு கருவிகளில் ஒரே நேரத்தில் ஓட, தம்புராவின் சுருதி அடியில் இடையறாது நின்றது.

இக்கலையின் உச்சத்தை 1967 பிப்ரவரியில் வெளிவந்த 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலில் காணலாம். லெனான் இதை இருவேறு வடிவங்களில் பதிந்திருந்தார்: ஒன்று, நாடாவில் பதிந்த புல்லாங்குழல் ஒலியை விசைப்பலகையால் எழுப்பும் மெல்லோட்ரானோடு தொடங்கும் மென்மையான வடிவம், மற்றொன்று, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நான்கு டிரம்பெட்டுகளுக்கும் மூன்று செல்லோக்களுக்கும் இசைக்குறிப்பு எழுதித் தந்த அடர்த்தியான வடிவம். முன்னதன் தொடக்கத்தையும் பின்னதன் முடிவையும் இணைக்குமாறு லெனான் கேட்டார். ஆனால் இரண்டும் சுருதியிலும் காலப்பிரமாணத்திலும் வேறுபட்டிருந்தன. நாடாவை மெதுவாக ஓட்டினால் சுருதியும் வேகமும் ஒருங்கே இறங்கும் என்பது அக்கருவியின் இயல்பு. சுருதியில் உயர்ந்திருந்த இரண்டாம் வடிவமே வேகத்திலும் மிகுந்திருந்ததால், அதைச் சற்றுத் தளர்த்தியதும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபட்டன. பாடலின் அறுபதாவது விநாடியளவில், பல்லவி இரண்டாம் முறை எழும் இடத்தில், வரியின் நடுவிலேயே அந்த ஒட்டு விழுகிறது. அதுவரை அருகிருந்து பேசியது போல் ஒலித்த குரல், அக்கணம் முதல் கனத்து, கனவுக்குள்ளிருந்து வருவதாக மாறுகிறது. செல்லோக்களின் ஆழமும், குழுவின் மற்றோர் உறுப்பினரான ஜார்ஜ் ஹாரிசன் வருடும் சுவர்மண்டல் என்னும் இந்துஸ்தானித் தந்திக் கருவியின் சிதறலும் அக்கனவை நிறைக்கின்றன. சிறுவயதில் விளையாடிய தோட்டத்தை நினைவுகூரும் பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றம் அமைந்திருக்க முடியாது. கருவியின் நுட்பம் பாடலின் பொருளாகவே ஆகிவிட்ட இடம் இது.

இந்தத் துணிவுக்கு விலையும் இருந்தது. தொடர்ந்து முதலிடம் பெற்றுவந்த அக்குழுவின் இத்தட்டு, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றது. ஆயினும், பழகிய வழியிலேயே பாடிப் புகழைக் காத்துக்கொள்ளக் கூடியவர்கள் அப்புகழையே முதலாக வைத்துப் புதியதைத் தேடினார்கள் என்பதும், எத்தனை சோதனை செய்தபோதும் எவரும் முணுமுணுக்கத்தக்க மெட்டைக் கைவிடவில்லை என்பதும்தான் அவர்கள் விட்டுச்சென்ற பாடம். இருக்கும் கருவியின் இயல்பை முற்றிலும் அறிந்து, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கும் அப்பால் அதைக் கொண்டுசெல்வதே புதுமை. இதை உணர விரும்பும் வாசகர், அமைதியான ஓர் இரவில் காதொலிப்பானோடு அப்பாடலைக் கேட்டு, அறுபதாவது விநாடியில் தம் செவியைக் கூர்மையாக்கிக்கொள்வாராக.